முதல் இரண்டு வரி

பின்னூட்டப் படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் பாராட்ட வேண்டும். இரண்டாவதில் "மேம்படுத்தலாம்" என்று ஆரம்பித்து, யாருக்கும் நோகாமல் ஒன்றிரண்டு யோசனை சொல்ல வேண்டும். மூன்றாவதில் மறுபடியும் பாராட்ட வேண்டும். ஐம்பது சொல்லாவது பாராட்டினால்தான் அடுத்த கட்டமே திறக்கும். 'தவறு' என்று தட்டினால் அடியில் சிவப்புக் கோடு விழும். 'கூடாது' என்றாலும் அப்படித்தான். இதை உண்டாக்கினவன் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்காவது வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருப்பானா என்று டீச்சர் திங்கட்கிழமை தவறாமல் நினைத்துக்கொள்வாள். நினைத்துவிட்டு, ஐம்பது சொல்லையும் தட்டி முடிப்பாள்.

இருபத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சர். தொண்டையில் கட்டி வந்து, கத்தி வைத்து, கட்டியோடு குரலும் போயிற்று. மிச்சம் இருப்பது வெறும் காற்று. பக்கத்தில் காதை வைத்தால் கேட்கும். "உடம்பைப் பாத்துக்குங்க டீச்சர்" என்று பள்ளிக்கூடத்தில் மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். அவள் வீட்டுக்காரரோ பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே போ, உள்ளே போ என்று முப்பது வருஷம் கத்திப் பழகிய தொண்டை. "இந்த வீட்டுல இப்பத்தான் என் பேச்சு எடுபடுது" என்று அவர் கேலி செய்வார். டீச்சர் கரண்டியைக் காட்டி மிரட்டுவாள். கேலியை நிறுத்திவிட்டால் அழுதுவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

இந்த வேலை தற்செயலாகக் கிடைத்தது. நன்கொடையில் நடக்கிற ஒரு சங்கம். படித்தவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில், செல்போன் வழியாக, படிக்க முடியாமல் போனவர்களுக்குச் சும்மா சொல்லித் தருவார்கள். ஒவ்வொரு வகுப்பும் பதிவாகும். அதை ஒருவர் உட்கார்ந்து பார்த்து, சொல்லித் தருகிறவருக்கு நல்லது கெட்டதை எழுதி அனுப்ப வேண்டும். வாய் போனவளுக்கு ஏற்ற வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தாள். தான் பேச முடியாவிட்டால் என்ன, பேசுகிறவர்களைத் திருத்தலாமே.

அப்படி அவளிடம் வந்ததுதான் அந்த வகுப்பு. படிக்கிறவள் ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கிறவள். சாப்பாட்டு இடைவேளையில் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மடித்து வைத்த படுக்கை விரிப்புகள்மேல் போனைச் சாய்த்து வைத்துப் படிப்பாள். முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"லேப்ல உதவியாளர் வேலை சார். ஸ்டூல் போட்டு உக்காந்து பாக்கலாம். எனக்கு முட்டி ரெண்டும் போச்சு. குனிஞ்சு எந்திரிச்சா உசுரு போகுது. பரீட்சை ரெண்டு தடவை எழுதிட்டேன், கணக்குல போயிடுச்சு. நாப்பது வயசு வரைக்கும்தான் எழுத விடுவாங்க. எனக்கு இதுதான் கடைசி."

"கவலையே படாதீங்கம்மா. எட்டு வாரம். உங்களை ஒரு வழி பண்ணிடுறேன்" என்றார் சொல்லித் தருகிறவர். காப்பீட்டுக் கழகத்தில் அதிகாரி. பேசிப் பேசியே பாதி ஊருக்கு பாலிசி எடுத்துக் கொடுத்த மனுஷன். குறை சொல்லக்கூடாது, தங்கமானவர். ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒருநாள் காய்ச்சலோடு, ஓரமாக நிறுத்திய காரில் உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

ஆனால் நடத்தினார், நடத்தினார், நடத்திக்கொண்டே இருந்தார். கணக்கை அவரே படிப்பார், அவரே போடுவார், விடையை அவரே சிவப்பு மையில் வட்டம் போடுவார். "புரிஞ்சுதாம்மா?" "புரிஞ்சுது சார்." டீச்சர் காகிதத்தில் கோடு போட்டு எண்ணினாள். நாற்பது நிமிஷத்தில் நாற்பத்தொரு 'புரிஞ்சுதா', நாற்பத்தொரு 'புரிஞ்சுது'. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது கண் இருக்கிற எவருக்கும் தெரியும். காப்பீட்டுக்காரரின் கண் பலகையை விட்டு நகர்ந்தால்தானே.

முதல் வாரம் டீச்சர் முதல் கட்டத்திலேயே உள்ளதை உள்ளபடி எழுதினாள். 'மாணவியைப் பேச விடுங்கள். கணக்கை அவர் போடட்டும். நீங்கள் போடாதீர்கள்.' எழுதினது ஒருங்கிணைப்பாளரைத் தாண்டித்தான் போக வேண்டும். அது ஒரு சின்னப் பெண். உடனே போன் வந்தது. வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், இப்படி மூஞ்சியில அடிச்ச மாதிரி எழுதினா போயிடுவாங்க மேடம். போன வருஷம் மட்டும் பதினோரு பேர் போயிட்டாங்க. சும்மா வந்து சொல்லித் தர்றவங்க, நாம என்ன அதட்டவா முடியும்? இவர் போனா அந்தம்மாவுக்கு வேற ஆள் கிடைக்க ஆறு மாசம் ஆகும். வாழைப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி சொல்லுங்களேன், ப்ளீஸ்."

ஆறு மாதம். பரீட்சைக்கு இருந்ததே இரண்டு மாதம். டீச்சர் எழுதினதை அழித்தாள். முதல் கட்டத்தில், 'உங்கள் விளக்கம் மிகத் தெளிவு. விரிவாகவும் பொறுமையாகவும் சொல்கிறீர்கள். அப்படியே தொடருங்கள்' என்று ஆரம்பித்து ஐம்பது சொல்லுக்கு இழுத்தாள். இரண்டாவது கட்டத்தில், மாணவி சற்றுக் கூடுதலாகப் பேச வாய்ப்பளித்தால் வகுப்பு மேலும் மெருகேறும் என்று பூசி மெழுகினாள். அரை மணியில் பதில் வந்தது. கும்பிடு போடுகிற இரண்டு கை, கூடவே 'மிக்க நன்றி மேடம்'.

மூன்றாவது வாரம் விகிதம். ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று காப்பீட்டுக்காரர் ஆரம்பித்ததும், அந்தப் பெண்ணின் முகம் அதுவரை இல்லாத மாதிரி நிமிர்ந்தது.

"சார், சார், இது நாங்க தரை துடைக்க வாளியில கலக்குற கணக்குதானே? சின்ன வாளின்னா ஒரு கப்பு ஊத்துவோம், பெரிய வாளின்னா..."

"அது வேலைம்மா, இது கணக்கு. போட்டுக் குழப்பிக்காதீங்க. இங்க பாருங்க, x-னு வச்சுக்குவோம்."

டீச்சர் பதிவை அங்கேயே நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். நாலு தடவை கேட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மாதிரி நிமிஷத்துக்காக அவள் எத்தனை வகுப்பில் காத்துக் கிடந்திருக்கிறாள்! தினமும் தன் கையால் கலக்குகிற வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து நின்றாள் அந்தப் பெண். அதைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் விகிதம், சதவீதம், பின்னம் எல்லாம் அந்த வாளிக்குள்ளேயே கிடந்திருக்கும். மனுஷன் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

"வாளி" என்றாள் டீச்சர், வீட்டுக்காரரைப் பார்த்து. அவர் குளியலறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

அதையும் இரண்டாவது கட்டத்தில்தான் எழுதினாள். மாணவி சொன்ன வாளிக் கணக்கிலிருந்தே தொடங்கிப் பாருங்களேன், அருமையாக இருக்கும் என்று. காப்பீட்டுக்காரர் மனசு குளிர்ந்தால் காது கொடுப்பார் என்று நினைத்து முதல் கட்டத்தை இன்னும் நீட்டினாள். இரண்டு கை கும்பிட்டது. மிக்க நன்றி மேடம்.

நாலாவது வாரம் வாளி வரவில்லை. காப்பீட்டுக்காரரின் பேச்சுதான் கூடியிருந்தது. முதல் வாரம் அந்தப் பெண் பேசியது மொத்தம் ஒன்பது நிமிஷம். ஐந்தாவது வாரம் இரண்டு நிமிஷம். அந்த இரண்டிலும் பாதி 'புரிஞ்சுது சார்'. ஆறாவது வாரம் அவள் நோட்டைத் திறந்தே வைத்திருக்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, கோயிலில் பிரசங்கம் கேட்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இந்த ஆளு, நீ கரடியா எழுதியும் மண்டையில ஏறல?" என்றார் வீட்டுக்காரர். "நான் பேசட்டுமா? ரெண்டே நிமிஷம். நேரா சொல்லிடுறேன்."

டீச்சர் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். படிவத்தைத் தவிர வேறு வழியில் பேசக் கூடாது என்று சங்கத்தில் விதி. அதைவிட, மனுஷன் கோபித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். இப்படியாவது ஒரு ஆள் இருக்கட்டும் என்று தோன்றியது. ஆறாவது வாரம் எழுபது சொல், ஏழாவது வாரம் தொண்ணூறு சொல் பாராட்டினாள். தன் கையே தனக்குக் கூசியது.

பரீட்சை முடிவு வந்தது. தேற நாற்பது மதிப்பெண் வேண்டும். அந்தப் பெண் வாங்கியது முப்பத்திரண்டு. போன தடவை, யாரும் சொல்லித் தராமல் தானே எழுதி, முப்பத்துநாலு வாங்கியிருந்தாள்.

அன்று சாயந்திரம் காப்பீட்டுக்காரரே போன் செய்தார். ஒருங்கிணைப்பாளரைக் கெஞ்சி நம்பர் வாங்கினாராம். வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"மேடம், என்னால தாங்க முடியல மேடம். எங்க கோட்டை விட்டேன்னே தெரியல. உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். வாரா வாரம் ரெண்டே வரி எழுதினாலும் எவ்வளவு தெம்பா இருக்கும் தெரியுமா? விரிவா சொல்றேன்னு எழுதுவீங்க. நான் இன்னும் விரிவா தயார் பண்ணுவேன். அப்படியே தொடருங்கன்னு எழுதுவீங்க. அப்படியேதான் மேடம் தொடர்ந்தேன்."

டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கீழே" என்றாள். அது போன் வரைக்கும் போகவில்லை.

"சார், கீழே இன்னும் இருக்காமே, பாக்கலியான்னு கேக்குறாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"கீழேயா? எங்க? எனக்கு போன்ல ரெண்டு வரிதான வருது... இருங்க. 'மேலும்'னு சின்னதா ஒண்ணு இருக்கு. இதைத் தொடணுமா?"

தொட்டார் போலிருக்கிறது. பிறகு படிக்க ஆரம்பித்தார், வாய்விட்டே. மாணவி சற்றுக் கூடுதலாகப் பேச. மாணவி தாமே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க. வாளிக் கணக்கிலிருந்தே. அங்கே வந்ததும் நிறுத்தி, "வாளியா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். "ஆமா... ஏதோ வாளின்னு சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன்." மிச்ச வாரங்களை அவர் சத்தம் போட்டுப் படிக்கவில்லை.

"மேடம், நான் சின்னப் பையன் இல்ல" என்றார் கடைசியில். "ஐம்பத்திமூணு வயசு. வாய மூடுய்யா, அந்தம்மாவப் பேச விடுன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் செத்தா போயிருப்பேன்? முதல் வரியில அத எழுதியிருக்கக் கூடாதா மேடம்? ஏன் மேடம் பொய்யா எழுதினீங்க?"

சங்கம், விதி, சிவப்புக் கோடு, போய்விட்ட பதினோரு பேர் என்று டீச்சரிடம் காரணம் நிறைய இருந்தது. வீட்டுக்காரர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், எதைச் சொன்னாலும் உரக்கச் சொல்லத் தயாராக. அவள் உதட்டை விரலால் மூடிக்கொண்டாள். மனுஷன் கேட்டது நியாயம். அவருக்குக் கேட்டிருந்தால் திருந்தியிருப்பார். அவருக்கு நோகுமே என்று பார்த்துப் பார்த்து, ஒருத்தியின் முட்டியைப் பணயம் வைத்தது இவள்தான்.

"வச்சிடுறேன் மேடம்" என்றார் அவர். அழுகிற குரல்.

மறுநாள் காலை கணினியில் புதிதாக ஒரு படிவம் வந்திருந்தது. மாணவர் விலகும்போது நிரப்புவது. சொல்லிக்கொடுத்தவருக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். கீழே, எழுத்துக்கூட்டி எழுதினது மாதிரி நாலு வரி:

'சார் மேல ஒரு குறையும் இல்ல. தெய்வம் மாதிரி சொல்லித் தந்தாங்க. எனக்குத்தான் மண்டையில ஏறல. எனக்கு அறிவு அவ்வளவுதான்னு இப்ப தெரிஞ்சுக்கிட்டேன். எனக்குக் குடுத்த நேரத்த புரியற ஆளுக்குக் குடுங்க.'

டீச்சர் அதைப் படித்தாள். பிறகு வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டுவந்து படிக்க வைத்தாள். ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போடச் சொல்லி ஜாடை காட்டினாள்.

"சாரி மேடம். மாணவங்க விவரம் யாருக்கும் தர முடியாது. விலகிட்டா எங்ககிட்டயும் இருக்காது, தானா அழிஞ்சிடும். நீங்க ஏன் மேடம் மனசைப் போட்டு உழப்பிக்கிறீங்க? சாருக்கு உங்க மதிப்பீடு எல்லாமே சூப்பரா இருந்துச்சு. அடுத்த மாசத்துலேருந்து அவருக்கு நாலு பேரைக் குடுக்கலாம்னு இருந்தோம். அவர்தான் இனிமே வரலைன்னுட்டாரு."

போனை வைத்ததும் வீட்டுக்காரர் சட்டையை மாட்டினார். "கிளம்பு. ஊர்ல எத்தனை ஆஸ்பத்திரி இருந்துடப் போவுது? ஒவ்வொண்ணா ஏறி இறங்கிக் கேப்போம். உன் மண்டையில ஒண்ணும் இல்லன்னு யாரும்மா சொன்னதுன்னு நானே அவகிட்ட கத்திச் சொல்றேன். பேரென்ன?"

டீச்சர் கணினியைப் பார்த்தாள். சங்கத்தின் பதிவுகளில் மாணவருக்குப் பேர் கிடையாது, எண்தான். காப்பீட்டுக்காரர் கடைசிவரை 'ம்மா' என்றுதான் கூப்பிட்டார். துணி அறையில் அந்தப் பெண்ணின் முகம் பாதி இருட்டில்தான் தெரியும். எந்த ஊர் மருத்துவமனை என்றுகூட அவள் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

"பேரு கூடவா தெரியாது?" என்றார் வீட்டுக்காரர். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

அவள் இல்லை என்று தலையசைத்தாள். மணி பதினொன்று ஆகியிருந்தது. எங்கேயோ ஒரு மருத்துவமனையில் அந்தப் பெண் இந்நேரம் மருந்தையும் தண்ணீரையும் அளவு பிசகாமல் கலந்து, குனிந்து துடைத்துக்கொண்டிருப்பாள், தனக்குக் கணக்கு வராது என்று நம்பிக்கொண்டு.