கதவு மூடிச் சோதித்தது: ஆம் / இல்லை

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது கிட்டத்தட்டத் தரையைத் தொட்டிருந்தது.

"உண்மையைச் சொல்லு. எவ்வளவு ஏத்தி வெச்சே?"

"நான் தொடவே இல்லைக்கா."

"தொடாமலே அணைஞ்சுதா? அதுக்கே சலிச்சுப் போச்சா?"

தங்கை ஹெட்ஃபோனைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரத்துக்கு முன்பு, தகுதிச் சுற்று மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே, அவள் திரை பொட்டென்று கறுத்துவிட்டது. மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டின் மூன்று விசிறிகளும் பேய் பிடித்த மாதிரி இரைந்தன. அணைத்து, மறுபடி போட்டு, உள்ளே போவதற்குள் ஆறு நிமிடம் ஓடிவிட்டது. ஐந்து பேர் டீம் நாலு பேரோடு ஆடித் தோற்றது. தோற்ற டீமுக்கு அடுத்த சனிக்கிழமை இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. அதில் தங்கை இருப்பாளா என்பதுதான் இப்போது பேச்சு.

அந்தக் கார்டை ஓவர்கிளாக் செய்து கொடுத்தது அக்காதான். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் கொஞ்சம் தள்ளி ஓட வைக்கிற வேலை. கம்ப்யூட்டர் கடையில் அதுதான் அவள் பிழைப்பு. ஊரில் யார் புதுக் கார்டு வாங்கினாலும் அவளிடம்தான் வருவார்கள். வந்தவர்களிடம் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "எத்தனை டிகிரி ஓடுது?" என்று கேட்பாள். அதனால் டிகிரி அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. காலேஜ் டிகிரி ஒன்றுகூட அவளிடம் கிடையாது என்பது வேறு விஷயம். ஆனால் ஏழு வருடத்தில் அவள் கை வைத்த கார்டு ஒன்றாவது கருகியது என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பெயருக்குத்தான் இப்போது சொந்த வீட்டிலேயே ஆபத்து.

குனிந்து மவுஸைப் பிடுங்கிக்கொண்டு எண்களைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்பு அவள் வைத்த எண்கள் வைத்தபடியே இருந்தன.

"பாரு, நீ வெச்சதேதான் இருக்கு," என்றாள் தங்கை.

"ஏத்தி ஆடிட்டு, திரை போனதும் இறக்கி வெச்சிருப்பே. எனக்குத் தெரியாதா?"

கோபக்காரர்களுக்குச் சாட்சி கிடைக்காவிட்டால் பரவாயில்லை. சாட்சி இல்லாததையே சாட்சியாக்கிவிடுவார்கள்.

அந்நேரம் டீம் கேப்டன் தங்கையின் போனில் கூப்பிட்டாள். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள். "மெஷின் தப்புன்னா, அதை ரெடி பண்ணவங்க கிட்ட எழுதி வாங்கி அனுப்பு. நாளைக்கு ஆறு மணிக்குள்ள நான் பேர் குடுக்கணும். உன் இடத்துல ஆட ஒருத்தி தயாரா இருக்கா. தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் நீயே ஒயரைப் பிடுங்கிட்டேன்னு நம்ம டீம்லயே ரெண்டு பேர் சொல்றாங்க. நான் நம்பலை. ஆனா நான் நம்பாம இருந்தா மட்டும் போதுமா?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"என் மேல தப்புன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? செய்யாத தப்புக்கு? சின்ன வயசுல தாயம் ஆடுறப்ப தோக்கப் போனா பலகையைக் கவுத்தினவதானே நீ? இப்பவும் அதையே பண்ணிட்டு என் தலையில கட்டுறியா?"

"அப்ப எனக்கு ஏழு வயசு!" தங்கை கத்தினாள். "இன்னும் எத்தனை வருஷம்தான் அதையே சொல்லுவே?"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா பேப்பரை மடித்தார். அவருக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. ஆனால் பெரியவள் வேலையில் தப்பு வராது என்பது அவருக்கு வேதம். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்தப் பெட்டியைத் தூக்கி உள்ள வை. ஆடினது போதும்," என்றார்.

தங்கை ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எறிந்திருந்தால்கூட அக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அக்கா அந்தப் பெட்டியை ஆட்டோவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனாள். உதவி செய்ய அல்ல, நிரூபிக்க. தன் எண்கள் சரி, தங்கை புளுகுகிறாள். இதைப் படமெடுத்துக் காட்டாமல் அன்றைக்குச் சோறு இறங்காது என்றிருந்தது.

கடையில் அவள் பெஞ்ச் பின்பக்கம், ஜன்னலோரம். முன்னால் பில் போடுகிறவர் கண்ணாடிக்காரர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கடை முழுக்கத் தேடுகிற மனிதர். "யார் மெஷின் அது?" என்றார்.

"என் வீட்டு மகாராணியோடது."

பக்கக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். கேபினெட்டைப் படுக்க வைத்து, ஒயர்களைச் செருகி, சோதனையை ஓடவிட்டாள். கார்டை மூச்சுத் திணற வைக்கிற சோதனை அது. இருபது நிமிடம். நாற்பது நிமிடம். சூடு எழுபதைத் தாண்டவில்லை. கார்டின் மெமரிச் சூடு எண்பத்தி நாலில் நின்றது. திரையில் ஒரு புள்ளிகூடச் சிதறவில்லை. ஒரு மணி நேரம் ஆனதும் போனில் படம் பிடித்து வீட்டு குரூப்பில் போட்டாள். கீழே எழுதினாள்: "ஒரு மணி நேரம். என் எண்கள்தான். எதுவும் ஆகலை. இனிமே யார் பொய் சொல்றாங்கன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

அப்பா கட்டைவிரல் படம் போட்டார். தங்கை பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. அக்காவுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. ஜெயித்த பிறகும் கோபம் ஏன் அடங்கவில்லை என்று அவள் யோசிக்கவில்லை. அந்தக் கோபத்தை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் வேறு ஒருவர் மேல் கொட்டினாள்.

மாட்டியவர் ஒரு பல் டாக்டர். சனிக்கிழமை வாங்கிப்போன கார்டு ஆடும்போது தடுமாறுகிறதாம். "யூட்யூப்ல ஒருத்தர் சொன்ன நம்பர்தாங்க வெச்சேன். அதே மாடல்தான்."

"நீங்க எல்லார் வாயிலயும் ஒரே அளவு பல்லையா மாட்டுவீங்க டாக்டர்? ஒரே மாடலா இருந்தாலும் ஒவ்வொரு கார்டும் ஒவ்வொரு மாதிரி. வேகத்தைப் பதினஞ்சு பதினஞ்சாத்தான் ஏத்தணும். ஒவ்வொரு தடவையும் சோதிக்கணும். எங்க தடுமாறுதோ அங்கேருந்து ரெண்டு படி இறக்கிடணும். மின்சாரத்தைக் கூட்டவே கூடாது. அப்புறம் முக்கியமா..." என்று அடுக்கிக்கொண்டே போனவள், சுவரில் தொங்கிய கட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவரிடம் காட்டினாள். அவளே தயார் செய்த ஷீட். ஒவ்வொரு கார்டுக்கும் ஒன்று. "இதுல இருக்கற எட்டையும் பார்த்து நிரப்பாம ஒரு மெஷினும் இங்கேருந்து வெளிய போகாது. வெச்சுட்டுப் போங்க. நாளைக்கு வாங்க."

டாக்டர் சொத்தைப் பல்லோடு வந்த நோயாளியைப் போலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அவருடைய பெட்டியை வைக்கப் பெஞ்சில் இடம் இல்லை. அக்கா கை கழுவப் போயிருந்த நேரம், கண்ணாடிக்காரர் பெரிய மனது பண்ணி ஒரு காரியம் செய்தார். தங்கையின் கேபினெட்டுக்குக் கதவை மாட்டி, நிமிர்த்தி, பெஞ்சுக்கடியில் சுவரோரமாகத் தள்ளினார். சோதனை ஓடிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கண்ணாடி நெற்றியில் இருந்தது.

அக்கா திரும்பி வந்து டாக்டரின் பெட்டியைத் திறந்தாள். தூசி தட்டினாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பாள். காலடியில் மூன்று விசிறிகள் ஒரே நேரத்தில் அலறின.

நிமிர்ந்து பார்த்தாள். திரை கறுத்துக் கிடந்தது.

"இதை யாரு மூடினது?"

"நான்தான். இடம் அடைச்சிட்டு இருந்துச்சு. ஏன், மூடக் கூடாதா?" என்றார் கண்ணாடிக்காரர். "வீட்டுல மூடித்தானே வெச்சிருப்பாங்க?"

அக்கா சாப்பாட்டை விட்டு எழுந்தாள். எச்சில் கையோடு குனிந்து கதவின் மேல் புறங்கையை வைத்தாள். சுட்டது. அணைத்து மறுபடி போட்டு, மூடிய கதவோடு, சுவரோரத்திலேயே சோதனையை ஓடவிட்டு, எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெமரி தொண்ணூறைத் தாண்டியது. தொண்ணூற்றி ஏழு. நூறு. நூற்றி நாலில் திரை மறுபடி போனது. தங்கைக்கு எப்படிப் போனதோ அப்படியே, பொட்டென்று. இத்தனை நாள் அவள் ஆடியதெல்லாம் கால் மணி ஆட்டங்கள்; நேற்றுத்தான் மணிக்கணக்கில் ஓடியிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு ஞாபகம் வந்தது. சாப்பாட்டு மேசைமேல் பெட்டியைப் படுக்க வைத்திருந்தாள். கதவு கழற்றி, தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில். தங்கை அவள் தோளைக் கட்டிக்கொண்டு நின்றாள். எண்ணை ஏற்ற ஏற்ற, "இன்னும் கொஞ்சம்கா, இன்னும் கொஞ்சம்" என்று குதித்தாள். எல்லாம் நன்றாக ஓடியது. அம்மா தட்டு வைக்க மேசை வேண்டும் என்றாள். அவசரமாகக் கதவை மாட்டித் தங்கையின் மேசைக்கடியில் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். நம் வீட்டு மெஷின்தானே.

எழுந்துபோய் ஷீட் கோப்பை எடுத்தாள். பெயர் தெரியாத ஆட்கள், ஒரே ஒரு தடவை வந்துபோனவர்கள், சண்டை போட்டுவிட்டுப் போனவர்கள், இன்றைக்கு வந்த பல் டாக்டர் வரை எல்லோருக்கும் தாள் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஏழாவது வரி ஒன்றுதான்: "கதவு மூடிச் சோதித்தது: ஆம் / இல்லை." இரண்டு வருடத்துக்கு முன்பு இதே தப்பைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு அவளே சேர்த்த வரி. தங்கைக்கு மட்டும் தாளே இல்லை.

இப்போது வந்த கோபத்தை வைக்க இடமில்லை. கண்ணாடிக்காரர் மேல் போட முடியாது. தங்கை மேல் போட முடியாது. காலையில் அனுப்பிய படம் குரூப்பில் அப்படியே கிடந்தது, அப்பாவின் கட்டைவிரலோடு. அதைப் பார்த்ததும் தன்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடிய சத்தத்தில் கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, உப்பு கூடிடுச்சா?"

"எனக்குத்தான் கூடிடுச்சு," என்றாள். "திமிர்."

மணி நாலு. புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் "என் தங்கை" என்று எழுதினாள். ஒவ்வொரு வரியாக இறங்கி, ஏழாவதில் "இல்லை"யைச் சுற்றி வட்டம் போட்டாள். பேனா முனை தாளைக் கிழித்தது. அடியில் எழுதினாள்: "மேட்ச் நடுவில் மெஷின் நின்றதற்கு என் வேலைதான் காரணம். கதவைத் திறந்து வைத்துச் சோதித்தேன். ஆடியவள் எதையும் தொடவில்லை." கடையின் முத்திரையைக் குத்தினாள். கண்ணாடிக்காரர் கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு, "முத்திரை எதுக்கும்மா? வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு வருவாங்க?" என்றார்.

"வராட்டி போகட்டும். செஞ்சது நான்தானே?"

தாளைப் படமெடுத்து முதலில் கேப்டனுக்கு அனுப்பினாள். பிறகு வீட்டு குரூப்பில், காலையில் போட்ட படத்துக்கு நேர் கீழே போட்டாள். இந்தத் தடவை அப்பாவிடமிருந்து கட்டைவிரல் வரவில்லை. ஐந்தே முக்காலுக்குக் கேப்டனிடமிருந்து ஒரே வரி வந்தது: "உங்க தங்கச்சி பேரைக் குடுத்துட்டேன்."

அதற்குப் பிறகு அக்கா அந்தக் கார்டை முதலிலிருந்து ஆரம்பித்தாள். எல்லா எண்களையும் அழித்து, கம்பெனி வேகத்துக்கு இறக்கி, கதவை மூடி, சுவரோரம் தள்ளி, பதினைந்து பதினைந்தாக ஏற்றினாள். பழைய எண்ணில் பாதிகூட வரவில்லை. வந்தது போதும் என்று நிறுத்தினாள்.

ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். தங்கை மேசையெதிரே வெறுமனே உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அக்கா பெட்டியை இறக்கி, ஒயர்களைச் செருகி, பவர் பட்டனை அழுத்தப் போனாள்.

"இரு," என்றாள் தங்கை. "கதவு மூடிப் பார்த்தியா?"

குரல் ஏறவில்லை, இறங்கியிருந்தது. அக்கா அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டாள்.

"பார்த்தேன்."

"எத்தனை டிகிரி?"

"எண்பத்தொம்பது. ரெண்டு மணி நேரம்."

"ஷீட் எங்க?"

அக்கா பையிலிருந்து, மறுசோதனைக்கு நிரப்பிய இரண்டாவது தாளை எடுத்து நீட்டினாள். தங்கை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஏழாவது வரியில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தாளைத் திருப்பி நீட்டினாள்.

"கீழ கையெழுத்துப் போடலை. கஸ்டமருக்குப் போடுவேல்ல? எனக்கும் போடு."

அக்கா மேசைமேல் குனிந்து கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூட இரண்டு தடவை முயன்றாள். மூடி சரியாக உட்காரவில்லை.