பார்க்காமல் செய்த உதவி

வாசல் நிலைக்கு மேலே நான்கு பல்புகள் இருந்தன. எல்லாம் அவள் கணவன் பொருத்தியவை. அவன் எலெக்ட்ரீஷியன். ஊருக்கே ஒயரிங் செய்பவன், வீட்டுக்குச் செய்யமாட்டானா.

முதல் பல்பு சிவப்பு. படுக்கையறையில் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்ச் போட்டிருந்தால் எரியும். எரியவில்லை என்றால் அவள் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். அப்படித்தான் அவன் கணக்குப் போட்டான். கொஞ்ச நாள் போனாள். பிறகு ஒரு காலை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"என்னங்க, பல்பே ஃபியூஸ் ஆகியிருந்தா?"

நியாயமான கேள்வி. பச்சை பல்பு ஒன்று போட்டான். சுவிட்ச் அணைந்திருந்தால் அது எரியும். பச்சைக்கு வரும் ஒயரே தப்பாக இருந்தால்? அதைச் சோதிக்க ஒரு மஞ்சள். நான்காவது எதற்கு என்று அவனுக்கே மறந்துபோயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை. நான்கையும் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே போய்ச் சுவிட்சையும் தொட்டுப் பார்ப்பாள். தொட்டது நினைவிருக்கும். அணைந்திருந்தது நினைவிருக்காது. திரும்பவும் போவாள்.

கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் வெட்டிப் பொருத்துவது அவள் வேலை. வேலை சுத்தம். ஆனால் தினமும் தாமதம். அங்கே அவளுக்குக் 'கடைசி பஸ்' என்று பெயர். மேற்பார்வையாளர் நல்ல மனுஷி. அதனால் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

"உன் வேலையில குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா முதலாளி வேற ஆள் பார்க்கச் சொல்லிட்டார். அடுத்த மாசமும் இப்படியே வந்தா என் கையில இல்லம்மா."

வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு உடம்பில் தெம்பே இல்லை என்றாள் மாமியார். பழைய சுவிட்ச் போர்டு, அதுதான் பயம் என்றான் கணவன். அவளிடமும் ஒரு காரணம் இருந்தது. தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மேற்பார்வையாளர்தான் மனநல மருத்துவரின் முகவரியைக் கொடுத்தாள். "என் தங்கச்சி அங்கதான் போறா. முழிக்காதே. உன்னை மாதிரி என்னை மாதிரி மனுஷிதான் அவளும்."

மூன்று பேரும் போனார்கள். குழந்தை மாமியார் மடியில் தூங்கியது.

டாக்டரம்மாவுக்குச் சளி. கைக்குட்டையும் கையுமாக எல்லாவற்றையும் கேட்டாள். பல்பு விஷயம் வந்ததும் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள்.

"மன்னிச்சுக்குங்க. ஒரு நோய்க்கு இவ்வளவு பாசமா சோறு ஊட்டின மனுஷனை நான் பார்த்ததில்ல."

கணவனின் முகம் சுண்டிப்போனது. "நான் உதவிதானே செஞ்சேன்?"

"உதவிதான். அங்கதான் சிக்கல். இவங்களுக்குப் பயம் வருது. நீங்க ஒண்ணுமில்லன்னு காட்டுறீங்க. அடங்குது. அப்ப மூளை என்ன கத்துக்குது? பார்த்ததாலதான் தப்பிச்சோம், நாளைக்கும் பார்க்கணும். ஒவ்வொரு பல்பும் அதுக்கு ஒரு வேளைச் சாப்பாடு."

பிறகு அவள் பக்கம் திரும்பினாள்.

"கடையில லென்ஸ் போடுறீங்களே, அதை எத்தனை தடவை சரிபார்ப்பீங்க?"

"ஒரு தடவை."

"சந்தேகம் வராதா?"

"வராது டாக்டர். அது தப்பாப்போனா யாருக்கோ தலைவலி. திருப்பிக் கொண்டுவருவாங்க. இது தப்பாப்போனா..." மாமியார் மடியைப் பார்த்தாள்.

"அதான். நமக்கு எது உசுரோ, பெரும்பாலும் அதையே போய்ப் பிடிச்சுக்கும் இந்த நோய். நீங்க அஜாக்கிரதையான அம்மான்னு அர்த்தமில்ல."

"அப்ப இது பைத்தியம் இல்லையா?"

"இதுக்கு ஓசிடின்னு பேரு. எண்ணச் சுழற்சி நோய். நிறைய பேருக்கு இருக்கு, வெளிய சொல்றதில்ல. உங்க பிறந்த வீட்டுல யாருக்காவது இருந்துதா?"

அப்பா. எங்கே கிளம்பினாலும் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். ஒரு நாள் பூட்டு கொண்டியோடு பெயர்ந்து கையில் வந்தது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவர் மட்டும் சிரித்ததில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கொஞ்சம் பிறப்போட வருது," என்றாள் டாக்டரம்மா. "மூளையில எச்சரிக்கை மணி அடிச்சா சிலருக்குச் சட்டுனு ஓயாது. பிரசவம் மாதிரி பெரிய மாற்றம் வரும்போது கிளம்பலாம். இதுதான் காரணம்னு ஒண்ணை மட்டும் காட்ட முடியாது. ஆனா யார் குத்தமும் இல்ல. உங்க மாமியார் குத்தமும் இல்ல."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க டாக்டர். சம்பந்தி வீட்டுல காட்டணும்."

மாத்திரை ஒன்று. பயிற்சி ஒன்று. சுவிட்சை ஒருமுறை அணைத்துவிட்டுக் கிளம்பவேண்டும். சந்தேகம் வரும். ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். அதுவரை தாங்கவேண்டும். அவள் கேட்டால் வீட்டில் யாரும் பார்த்துச் சொல்லக்கூடாது. திட்டவும் கூடாது. மாட்டேன் என்று பாசமாகச் சொல்லவேண்டும்.

"மாட்டேன்னு எப்படிம்மா பாசமா சொல்றது?" மாமியார் கேட்டாள்.

"அதான் கஷ்டம்."

அன்று மாலையே அவன் ஏணி போட்டு நான்கு பல்புகளையும் கழற்றினான். சுவரில் ஓட்டைகள் தெரிந்தன. "பூசிடுறேன்," என்றான். குரல் சரியில்லை. அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகத்தான் போட்டீங்க," என்றாள். "கழட்டுறதும் எனக்காகத்தான். தெரியும்."

சின்னதாக ஆரம்பித்தார்கள். முதலில் அடுத்த அறை வரை. பிறகு மாடிப்படி. பிறகு தெருமுனை. சில நாள் திரும்பி ஓடினாள். டாக்டரம்மா கோபிக்கவில்லை. "ஓடினதை விடுங்க. ஓடுறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் நின்னீங்க?" என்றுதான் கேட்டாள்.

மேற்பார்வையாளர் சொன்ன அந்த அடுத்த மாதம் பிறந்தது. கணவன் விடியும்போதே வேலைக்குப் போய்விட்டான். அவள் குழந்தையின் கவுனைத் தேய்த்தாள். சுவிட்சை அணைத்தாள். கவுனைப் போட்டுவிட்டாள். கிளம்பினாள்.

பஸ் நிறுத்தத்தில் அந்தச் சந்தேகம் வந்தது. கண்ணுக்குள் புகை தெரிந்தது. தொட்டில் தெரிந்தது. கை தானாகப் போனை எடுத்தது.

"அத்தை, அயர்ன் பாக்ஸ் அணைஞ்சிருக்கான்னு..."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"ஒரே ஒரு தடவை அத்தை. உங்க கால்ல விழறேன்."

"பார்க்கமாட்டேம்மா."

"அத்தை!"

"பார்க்கமாட்டேன்டி கண்ணு. நீ வேலைக்குப் போ." குரல் உடைந்தது. போனை வைத்துவிட்டாள்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குப் போகும் தெரு எதிரிலேயே இருந்தது. பஸ் வந்தது. ஏறினாள். வியர்வையில் கம்பி வழுக்கியது. இறங்கிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தோன்றியது.

முன் சீட்டுக்காரியின் மூக்குக்கண்ணாடி கோணலாக இருந்தது. இடது பக்கம் திருகு தளர்ந்திருக்கிறது, ஒரு நிமிட வேலை என்று அவள் நினைத்தாள். நினைத்த பிறகுதான் தெரிந்தது. சற்று நேரமாக அவள் வீட்டை நினைக்கவில்லை.

கடைக்கு நேரத்தோடு போனாள். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தாள். அன்றைய ஃப்ரேம்களைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தாள். தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

மாலை வீடு திரும்பியபோது மாமியாரின் கண் வீங்கியிருந்தது. குழந்தை காலையில் போட்ட கவுனிலேயே இருந்தது. அதில் பால், சோறு, மண், இன்னும் என்னென்னவோ.

"என்ன அத்தை, துணி மாத்தலையா?"

"எப்படி மாத்துறது? துணியெல்லாம் அந்த ரூம்ல இருக்கு. உள்ள போனா கண்ணு சுவிட்ச் பக்கம் போகும். பார்த்துட்டா உன்கிட்ட மறைக்க எனக்குத் துப்பு கிடையாது. பகல் பூரா அந்தப் பக்கமே போகல. பிள்ளையைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு இங்கயே உட்கார்ந்திருந்தேன். இப்படியே போனா எனக்குத்தான் மாத்திரை வாங்கணும்."

அவள் மாமியார் அருகில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அத்தை, இன்னிக்கு நீங்க..."

"போதும் போதும். முதல்ல பிள்ளைக்கு வேற துணி கொண்டா. நாத்தம் தாங்கல."

எழுந்து அறைக்குள் போனாள். சுவிட்ச் இடது கைப் பக்கம். அலமாரி வலது கைப் பக்கம். அலமாரியைத் திறந்து ஒரு நீலக் கவுனை எடுத்தாள். மூடினாள். வெளியே வந்தாள்.

மாமியார் அவள் முகத்தைப் பார்த்தாள். கவுனை வாங்கிக்கொண்டாள்.