வேலிக்கு அங்காலை

குத்தூசியை வேலி ஓலைக்குள்ளால் அங்காலைப் பக்கம் செலுத்திவிட்டுக் கனகரத்தினம் காத்து நின்றார். அது திரும்பி வரவில்லை.

பங்குனி வெயில் காலை ஒன்பது மணிக்கே பிடரியில் ஏறி உட்கார்ந்திருந்தது. சித்திரை பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குள் வேலி அடைத்து முடிய வேண்டும். நாளைக்குக் கிணறு கலக்கி இறைக்க ஆட்கள் வருவார்கள். தென்னம்பிள்ளைகளுக்கு வெயில் படாமல் மறைப்புக் கட்ட வேண்டும். பழைய வேலியில் இருந்து கழற்றிய உக்கல் ஓலையைத் தோட்டத்தில் பசளையாகத் தாழ்க்க வேண்டும். எழுபத்தாறு வயதில் ஒரு மனிதன் இத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறான். அங்காலை நிற்பவனுக்கு ஓர் ஊசியைத் திருப்பித் தருவதற்கு என்ன கேடு?

கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. அங்காலை விடாமல் பிடித்திருக்கிறான். கால்களை ஊன்றி இன்னும் பலமாக இழுத்தார். உள்ளங்கையில் கயிறு அறுத்தது, விடவில்லை.

அங்காலை நின்றது தம்பி சபாரத்தினம். பனையோலை வேலி அடைப்பது ஒற்றை ஆளின் வேலை இல்லை. இங்கே நிற்பவர் கயிறு கோத்த குத்தூசியை ஓலைக்குள்ளால் செலுத்த, அங்கே நிற்பவர் அதை வாங்கி, குறுக்கே கட்டிய வரிச்சுத் தடியைச் சுற்றித் திருப்பிக் குத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் இழுத்து முடிச்சுப் போடலாம். தகப்பனான அப்பு இருந்த காலத்தில் இரண்டு வீட்டு வளவும் ஒன்றாய்க் கிடந்து, பிறகு பங்கு பிரித்த நாளில் இருந்து மூத்தவன் இஞ்சாலை, இளையவன் அங்காலை. கூலிக்கு ஆள் பிடித்துக் குடும்பத்து வேலியை அடைப்பதைக் கனகரத்தினம் நினைத்தும் பார்த்ததில்லை.

இவ்வளவுக்கும் இருவரும் பேசி ஒன்பது வருடம். சபாரத்தினத்தின் மகள் தாரிகா, தன்னோடு படிப்பித்த றொகான் என்ற, தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரப் பெடியனை விரும்பினாள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன் என்று கனகரத்தினம் பின்னாளில் மனைவியிடம் சொன்னதுண்டு. பொறுக்க முடியாதது வேறு. கலியாண எழுத்து முடிந்து மூன்றாம் நாள், வாசல் படலையில் மீன் கொண்டுவந்த பெண் சொல்லித்தான் அவருக்கு விஷயம் தெரிய வந்தது. குடும்பத்துக்கு மூத்தவன், தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவன், தம்பி பிள்ளையின் கலியாணத்தை மீன்காரியிடம் கேட்டு அறிந்தான்!

அன்று பின்னேரமே வேலியில் இருந்த பொட்டை அடைத்தார். ஓராள் குனிந்து போய்வரக்கூடிய இடைவெளி அது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கறிச்சட்டிகளும் அதனால்தான் போய்வந்தன. "இனி இந்த வளவுக்குள்ளை அவன்ரை கால் படக்கூடாது" என்று வெளியே ஒழுங்கையில் நின்ற நாலுபேர் கேட்கத்தான் சொன்னார்.

ஆனால் ஓலை வருடா வருடம் உக்கும். பங்குனியில் புது ஓலை வந்து இறங்கினால் மறுநாள் காலையில் வேலிக்கு அங்காலை சபாரத்தினத்தின் செருமல் கேட்கும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குத்தூசி மட்டும் போய்வரும். அது தாழ்வாக வந்தால் கனகரத்தினம் வரிச்சில் ஒருமுறை தட்டுவார். மேலே குத்து என்று அர்த்தம். இரண்டு தட்டினால் கீழே. அதற்கு மேல் பேச்சுத் தேவைப்பட்டதில்லை.

இன்று ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு தட்டினார். பிறகு பொறுமை போய், ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"டேய்! நித்திரையே கொள்ளுறாய்? ஊசியை விடன்ரா!"

அங்காலை சத்தமில்லை. கயிறு இறுகியே கிடந்தது.

"விசரன்" என்று முணுமுணுத்தபடி கயிற்றை உதறிவிட்டு வீட்டுக்குள் வந்தார். மனைவி செல்வநாயகி குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, வேலி முடிஞ்சுதோ?"

"எங்கை முடியிறது? துரை என்னோடை கயிறிழுத்து விளையாடுறார். அறுபத்தெட்டு வயசிலை!"

"தட்டிப் பாத்தனீங்களோ?"

"தட்டினதோ? வெக்கங்கெட்டுப்போய் வாய் திறந்து கதைச்சும் போட்டன். மறுமொழி சொல்ல அவருக்கு ஏலாதாம்."

செல்வநாயகியின் கை நின்றது. "கதைச்சனீங்களோ? மெய்யாவோ?"

"அதுதான் பிழை. நானாய்க் கதைச்சிருக்கக் கூடாது. தேத்தண்ணியைத் தா."

தேநீரைக் குடித்தார். கிணற்று மோட்டரின் குழாயில் வெடிப்பு விழுந்திருந்ததை நினைத்து எரிச்சற்பட்டார். வேலி அரைகுறையாய் நிற்க வெயில் ஏறுவதை நினைத்து எரிச்சற்பட்டார். முதலில் அவன் செருமட்டும், அதற்குப் பிறகு எழும்புவேன் என்று விறாந்தையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அரை மணித்தியாலம் போயிருக்கும். வேலிக்கு அங்காலை சிவகௌரி, சபாரத்தினத்தின் மனைவி, அழுது குழறிய சத்தம் கேட்டது.

செல்வநாயகி துருவலைப் போட்டது போட்டபடி ஒழுங்கையால் சுற்றி ஓடினாள். வேலி வழியே பத்து அடி. ஒழுங்கையால் போனால் ஐந்து நிமிடம்.

கனகரத்தினம் சேட்டைப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டினார். படலை வரைக்கும் போனார். பிறகு திரும்பி வந்து கதிரையில் இருந்தார். முறைப்படி வந்து சொல்லட்டும். மூத்தவன் சத்தம் கேட்டு ஓடுகிறதோ? இப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேலியில் அவர் உதறிவிட்ட கயிறு தொய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாரிகா வந்து படலைக்கு வெளியே நின்றாள். ஒன்பது வருடமாக உள்ளே வராதவள், இப்போதும் வரவில்லை. தலை குழம்பி, காலில் செருப்பில்லாமல் நின்றாள்.

"பெரியப்பா, அப்பா மோசம் போயிட்டார். இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இந்தமுறை பெரியப்பாவுக்குத்தான் முதல் சொல்லோணும் எண்டு அம்மா அனுப்பினவ."

இந்தமுறை. கனகரத்தினம் படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னெண்டு?"

"வேலியடியிலை குந்தினபடி கிடந்தார். குத்தூசி கையிலை. அதை எடுக்க ஒவ்வொரு விரலாய் விரிக்க வேண்டிக் கிடந்தது."

அவர் வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். கயிறு அறுத்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

"நீங்கள் கதைச்சது அம்மாவுக்குக் கேட்டதாம், பெரியப்பா."

அவர் முதுகு நிமிர்ந்தது. "என்ன கேட்டதாம்?"

"என்ன சொன்னனீங்கள் எண்டு விளங்கேல்லையாம். அண்ணையும் தம்பியும் கதைக்கத் துவங்கீட்டினம், ஒருத்தரும் இடையிலை போய்க் குழப்பாதேங்கோ எண்டு எங்களையும் வெளியிலை போக விடேல்லை. ஊத்தின தேத்தண்ணியும் குசினியிலை ஆறிப்போய்க் கிடக்கு." அவள் முகத்தைத் துடைத்தாள். "அம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம்."

ஒழுங்கையால் உழவு யந்திரம் ஒன்று பெரிய சத்தத்துடன் போனது. அது போய் முடியும்வரை இருவரும் நின்றார்கள்.

"போ. வாறன்" என்றார் கனகரத்தினம்.

தம்பி வீட்டில் எல்லாமே அவருக்குப் பிழையாகப் பட்டது. விளக்கைக் காற்றுப் படும் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கதிரைகளை வழிக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். யாரோ கைபேசியில் கனடாவுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். சபாரத்தினத்தின் முகத்தை ஒன்பது வருடத்துக்குப் பிறகு பார்த்தார். மயிர் முழுக்க நரைத்துவிட்டிருந்தது. இது எப்போது நடந்தது என்று யாரிடமும் கேட்க முடியவில்லை.

குருக்கள் பஞ்சாங்கத்தை மூடிவிட்டுத் தொண்டையைச் செருமினார். "பஞ்சமியிலை உயிர் பிரிஞ்சிருக்கு. படலையாலை எடுக்கேலாது."

அது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். பஞ்சமியில் செத்தவரை வாசல் வழியே கொண்டுபோனால், அதே வழியால் அந்த வீட்டில் இருந்து இன்னோர் உயிரும் போகும் என்று பயம். வேலியை வெட்டி எடுக்க வேண்டும். சுடலைக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் வெட்டின இடத்தைத் தடம் தெரியாமல் அடைத்துவிடவும் வேண்டும். ஆனால் இந்த வளவுக்கு மூன்று பக்கமும் மதில். ஓலை வேலி நிற்பது கனகரத்தினத்தின் பக்கம் மட்டும்தான்.

எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள், நிலத்தைப் பார்த்தார்கள். றொகான்தான் முன்னால் வந்தான்.

"பெரிய மாமா, உங்களை நாங்கள் கரைச்சல்படுத்தேல்லை. முன்மதிலிலை ஆறடி உடைப்பம். பிறகு நான் கட்டிப்போடுவன்."

"உந்த மதில் ஆர் கட்டினது?"

"நான்தான், மாமா. ரெண்டு வருசத்துக்கு முதல்."

"அப்ப அது உம்முடை மதில்." கனகரத்தினம் தடியை ஊன்றி நிமிர்ந்தார். "எங்கடை அப்புவின்ரை பிள்ளை மருமோன்ரை மதிலை உடைச்சுக்கொண்டோ போறது? ஊர் என்ன கதைக்கும்? அவன் எங்கடை வேலியாலை, எங்கடை வளவுக்குள்ளாலை போவான்."

பின்வரிசையில் இருந்து தம்பிராசா மெல்லச் சிரித்தார். கனகரத்தினத்தோடு ஒன்றாய்ப் படித்தவர்; அந்தத் துணிவு அவருக்குத்தான் உண்டு.

"கனகர், அவன்ரை கால் உன்ரை வளவிலை படக்கூடாது எண்டெல்லோ அண்டைக்குச் சொன்னனீ?"

"கால் படாது" என்றார் கனகரத்தினம். "நாலுபேர் தூக்கிக்கொண்டு வருவினம்."

தம்பிராசாவின் சிரிப்பு நின்றது. அப்போதுதான் கனகரத்தினம் தன் வார்த்தையைத் தானே கேட்டார்.

"வேறை ஒருத்தரும் வேலியிலை கை வைக்கக் கூடாது" என்று எரிந்து விழுந்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் கிணறு இறைக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியாயிற்று. பதினொரு மணிக்குப் பறை ஓங்கியபோது கனகரத்தினம் கத்தியுடன் வேலியடிக்கு வந்தார். பழைய பொட்டு இருந்த இடம் அவருக்குத் தெரியும். வேலிக்கு நட்ட இரண்டு பூவரசங் கதியால்களுக்கு நடுவே. பெடியள் என்றால் ஒரே வீச்சில் ஓலையைப் பிளந்திருப்பார்கள். அவர் ஒவ்வொரு முடிச்சாக அறுத்தார். நேற்றுப் போட்ட முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் பாதி அவருடையது, பாதி அவனுடையது.

"கெதியாய், பெரியவர், நேரம் போகுது" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"போகட்டும்."

கடைசியாக, முடிச்சு விழாத அந்தக் கயிறு. அதை மட்டும் வெட்டாமல் உருவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஓலைகள் சரிந்தன. தம்பியின் முற்றம் தெரிந்தது. அங்கேயும் கோடைக்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தது. தென்னம்பிள்ளைகளுக்கு மறைப்புக் கட்டியிருந்தான். மாமரத்தடியில் வட்டமாகப் பாத்தி கட்டிச் சருகு போட்டிருந்தான்.

பெட்டி வந்தது. கதியால்களில் உரசாமல் சரித்து எடுத்தார்கள். இஞ்சாலை கனகரத்தினம் போன கிழமை கொத்திப் பதப்படுத்திய கத்தரிப் பாத்திகள். தூக்கியவர்கள் தயங்கினார்கள். அந்தப் பாத்தி வரம்பில் கோழி ஏறினாலே அவர் ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்துவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"என்ன பாக்கிறியள்? மிதிச்சுக்கொண்டு போங்கோ!" என்று கத்தினார்.

அவர்கள் மிதித்துக்கொண்டு, அவருடைய கிணற்றடி தாண்டி, அவருடைய படலையால் வெளியே போனார்கள். ஒழுங்கையின் முடக்கு வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுக் கனகரத்தினம் நின்றார்.

"நீ சுடலைக்கு வரேல்லையோ?" என்று தம்பிராசா கேட்டார்.

"வேலி ஆர் அடைக்கிறது? உன்ரை அப்பனோ?"

தம்பிராசா அவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

பறைச் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. கனகரத்தினம் ஓலைகளைத் திரும்ப நிமிர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வரிச்சுக்குள் செருகினார். தம்பியின் முற்றம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது. குத்தூசி அங்காலை. அப்பு வைரப் பனையில் சீவிய ஊசி. வேறொன்று இந்த வீட்டில் இல்லை. கயிற்றின் நுனியை அங்காலை தள்ளிவிட்டு, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றார். செத்த வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது?

வெயில் நேரே உச்சியில் நின்றது. சுடலைக்குப் போனவர்கள் திரும்ப இன்னும் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. எரிச்சலோடு வரிச்சில் கையை ஊன்றினார்.

ஓலைக்குள் சரசரப்புக் கேட்டது. குத்தூசியின் நுனி வெளியே வந்தது. கயிறு கோத்திருந்தது. மிகவும் தாழ்வாக, வரிச்சுக்கு ஒரு சாண் கீழே.

கனகரத்தினம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வரிச்சில் ஒருமுறை தட்டினார்.

ஊசி உள்ளே போனது. சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி வந்தது, இந்தமுறை சரியான இடத்தில். அவர் வாங்கி, வரிச்சைச் சுற்றித் திருப்பிக் குத்தினார். அங்காலை ஒரு கை அதை வாங்கியது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி வந்து நின்றது.

"பிடிச்சிருக்கிறன், பெரியப்பா" என்றது தாரிகாவின் குரல். "இழுங்கோ."

அவர் கயிற்றை இழுக்கவில்லை. விடவுமில்லை. பிடித்தபடி நின்றார்.