மழைத்தொப்பிக் கிண்ணம்

வாருங்கள் செல்லங்களே, நாற்காலியைக் கணப்புப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தேநீருக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பயமாக இருக்கும். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதையில் வருகிறவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

ஹெஸ்டர் ப்ரீஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் உருளைக்கிழங்கு மசித்தவள். வேலையிலிருந்து ஓய்ந்ததும் விட்டில்பூச்சி எண்ணும் பித்து அவளைப் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் புல்தரையில் ஒரு வட்டத் தொட்டியை வைப்பாள். உள்ளே முட்டை அட்டைகள், மேலே புனல், புனலின் வாயில் பாதரச விளக்கு. வெளிச்சத்தைத் தேடி வரும் விட்டில்கள் சறுக்கி உள்ளே விழுந்து, அட்டைக் குழிகளில் ஒடுங்கிக் கிடக்கும். விடிந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் எழுதிவிட்டுச் செடி மறைவில் விட்டுவிடுவாள். மழைத்துளி பட்டால் சூடேறிய விளக்கு வெடித்துவிடும் என்று அதன் தலைக்கு மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்திருப்பாள். வீட்டில் இருந்த ஒரே பெரிய கிண்ணம் அதுதான்.

அடுத்த வீட்டு லயனல் ஓக்லிக்கு அந்த விளக்கைக் கண்டால் ஆகாது. கல்குவாரியில் வெடி வைத்த மனிதர். பறந்து வந்த கல்துண்டு ஒன்று இடக்கண்ணைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலக்கண்ணால்தான் பேப்பர் படிப்பார், ரோஜாவைக் கத்தரிப்பார், வேலிக்கு மேலாக ஹெஸ்டரை முறைப்பார்.

"அம்மணி, உன் விளக்கு என் ஒத்தக் கண்ணையும் பிடுங்காம விடாது."

"தெரியாத பூச்சியெல்லாம் கூப்பிடாமலே வருது. நீங்க மட்டும்தான் வந்து பார்க்காமலே திட்டுறீங்க."

இப்படியே இரண்டு குளிர்காலம் போயிற்று. மார்ச் மாதம் பிறந்து முட்செடி வேலி வெள்ளையாகப் பூத்த ஒரு வெள்ளிக்கிழமை, ஹெஸ்டர் சமாதானத்துக்கு இறங்கி வந்தாள். "இன்னைக்கு வந்து பாருங்க. ட்ரைஃபிள் செஞ்சு தர்றேன்" என்றாள். ட்ரைஃபிள் என்றால் கேக், ஜெல்லி, கஸ்டர்டு, பாலேடு என்று அடுக்கடுக்காகக் கண்ணாடி வழியே தெரிய வேண்டும். சட்டியில் வைத்துக் கொடுத்தால் அது விருந்தா? விளக்கின் தொப்பியாக இருந்த கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அதிலேயே அடுக்கினாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

லயனல் கோட்டும் கம்பளியுமாக வந்தார். இருவரும் தொட்டிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கிண்ணம் லயனலின் மடியில்.

பழுப்பு விட்டில் ஒன்று அவர் கோட்டுக் கையில் வந்து உட்கார்ந்தது. இறக்கையில் மசியால் எழுதினாற்போலக் கறுப்புக் கீறல்.

"இது என்ன, என் சட்டையில கையெழுத்துப் போட வந்திருக்கு?"

"எபிரேய எழுத்துன்னு பேரு. வசந்தம் தொடங்கும்போதே வந்துரும்."

"இருக்கட்டும், உதறாதே. நல்லா இருக்கு."

அப்போதுதான் தூறல் விழுந்தது. பனியா மழையா என்று தெரியாத தூறல். விளக்கிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். ஹெஸ்டரின் காது கேட்டது, மனம் கேட்கவில்லை. வெளிச்சம் அணையவில்லை. முன்னைவிட நீலமாக, கூர்மையாக எரிந்தது. "அட, இப்பத்தான் நல்லாத் தெரியுது" என்று லயனல் குனிந்து ஒற்றைக் கண்ணை இன்னும் கிட்டே கொண்டுபோனார். கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பகை கரைந்து போனது. கிளம்பும்போது, மிச்சமிருந்ததை லயனல் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு போனார்.

ஹெஸ்டர் விழித்தபோது கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டு இமையைத் தைத்துவிட்டாற்போல் இருந்தது. திறந்து பார்த்தாள். கத்தி பாய்ந்தது. மூடினாலும் வலித்தது. கண்ணீர் தானாக வழிந்தது. விடிந்துவிட்டதென்று குருவிச் சத்தம் சொன்னது. அவளுக்கு விடியவில்லை. பக்கவாதமோ? அவள் தாய் வழியில் இரண்டு பேருக்கு வந்திருக்கிறது. கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

அப்போது பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் தட்டோ கோப்பையோ விழுந்து உடைந்தது. பிறகு ஒரு முனகல்.

தனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது.

சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வேலியைத் தடவித் தடவி, விரலெல்லாம் முள் கீற, லயனலின் கதவைத் தட்டினாள்.

"யாரது? வெளிச்சத்தைப் போட்டுட்டு வாங்க, ஒண்ணும் தெரியல" என்றது உள்ளே குரல்.

"ஹெஸ்டர். எனக்கும் தெரியல."

கதவு திறந்தது. ஒரு கை காற்றில் துழாவி அவள் தோளைக் கண்டுபிடித்தது. வெடிக்குத் திரி கொளுத்திய கை.

"அம்மணி, இருந்த ஒண்ணும் போயிருச்சு."

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொலைபேசியில் எண்களைத் தடவி, பள்ளிப் பேருந்து ஓட்டும் தன் அக்கா மகள் டில்லியை அழைத்தாள்.

டில்லி வந்து இரண்டு முகங்களையும் பார்த்ததும் கார்ச் சாவியை எடுத்தாள். "வண்டியில ஏறுங்க, கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம்" என்றவள், "சித்தி, தோட்டத்துல உன் விளக்கு இன்னும் எரியுது. அணைச்சுட்டு வந்துர்றேன், ஒரு நிமிஷம்" என்று நடந்தாள்.

அந்த 'டிக்' அப்போதுதான் ஹெஸ்டரின் மனத்தை எட்டியது.

"டில்லி, நில்லு. கிட்ட போகாதே. அந்தப் பக்கம் பார்க்காதே. என் வீட்டுச் சமையல்கட்டுல ப்ளக்கைப் பிடுங்கு."

காலடிச் சத்தம் நின்றது, திரும்பியது, வீட்டுக்குள் போனது.

"அணைஞ்சிருச்சு" என்றாள் டில்லி. "போய்ப் பார்த்தேன். பல்போட வெளிக்கண்ணாடி சுக்குநூறாக் கிடக்கு சித்தி. உள்ள இருக்கிற குழாய் மட்டும்தான் எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு."

வெளிக்கண்ணாடிதான் அந்த வெளிச்சத்தின் விஷமான புற ஊதாக் கதிரைத் தடுத்து வைப்பது. விளக்கு வாங்கும்போதே சொல்லித்தான் கொடுத்தார்கள்.

"லயனல்," என்றாள் ஹெஸ்டர், "மழைக்கு அது மேல ஒரு கிண்ணம் கவுத்திருப்பேன். அந்தக் கிண்ணத்துலதான் நேத்து உங்களுக்கு ட்ரைஃபிள் கொடுத்தேன்."

கார் மலைச்சரிவில் இறங்கும்போது லயனல் தம் கம்பளியை அவள் மடிக்கும் இழுத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா முதலில் பார்த்தது கண்ணை அல்ல. "மூஞ்சியெல்லாம் வெயில்ல வெந்திருக்கே. ஸ்பெயினுக்குப் போயிட்டு வந்தீங்களா?"

"இல்லம்மா," என்றார் லயனல். "அடுத்த வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

டாக்டரம்மா சொட்டுமருந்து விட்டு, வெல்டிங் வேலைக்காரர்களுக்கு இப்படி வரும் என்றாள். கண்ணின் மேல்தோல் கருகியிருக்கிறது. "பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல ஆறிரும்" என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினாள்.

பெரும்பாலும். அந்த ஒரு சொல்லைத்தான் ஹெஸ்டர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு மாலையில் அவள் கண்கள் திறந்தன. ஜன்னல் தெரிந்தது, கெட்டில் தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஓடிப்போய் லயனலிடம் கேட்டாள். "இன்னும் இல்ல" என்றார். தப்பு செய்தவளுக்கு இரண்டும் வந்துவிட்டது. அவருக்கு இருந்த ஒன்று வரவில்லை. அன்றிரவு அவர் வீட்டுச் சாய்வு நாற்காலியிலேயே கிடந்தாள். ஜன்னலில் விழுந்த ஒவ்வொரு மழைச்சொட்டுக்கும் அவள் உடம்பு அதிர்ந்தது.

திங்கள் காலையில் டில்லி வந்து லயனலின் கண்கட்டை அவிழ்த்தாள். லயனல் இமையைப் பிரித்தார். நீர் வழிந்தது. நேர் எதிரே நின்ற ஹெஸ்டர் முகத்தில் அவர் பார்வை நிற்கவில்லை. அவளைத் தாண்டிப் போனது. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மணி," என்றார் லயனல் மெல்ல, "கொஞ்சம் நகரு. மறைக்குது."

"என்ன மறைக்குது?"

"திரைச்சீலையில நம்ம ஆளு உக்காந்திருக்கான். கோட்டோட வந்திருப்பான் போல. எபிரேய எழுத்து." கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "உன் மூஞ்சி தோலுரிஞ்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு. அதையும் சொல்லிர்றேன்."

ஹெஸ்டர் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். லயனல் விட்டிலைக் கோப்பையால் மூடி எடுத்துப்போய், வேலி மறைவில் விட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை லயனலே கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்தார். புது விளக்கின் மேல் அதைத் தம் கையாலேயே கவிழ்த்து, அசைகிறதா என்று ஆட்டிப் பார்த்தார். "இனிமே ட்ரைஃபிளைச் சட்டியில கொடு. நான் கண்ணை மூடிட்டுச் சாப்பிட்டுக்கிறேன்." ஹெஸ்டர் சிரித்தாள். ஆனாலும் தூறல் விழும்போதெல்லாம், இன்றைக்கும், அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள்.

தண்ணீர் கொதித்துவிட்டது, செல்லங்களே. உங்கள் வீட்டு விளக்கு சுடாமல் ஒளி தரட்டும். மழை உங்கள் செடிகளில் மட்டும் விழட்டும். நீங்கள் இருட்டில் நீட்டுகிற கையை எப்போதும் யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.