உயிலில் சீலைக்கு ஒரு வரி

வெள்ளியங்கிரி மலைச்சாமியின் பேரை வைத்துக்கொண்டு ஒருத்தன் கடலில் போய்ச் சாவான் என்று துடியலூரில் எவன் நினைத்திருப்பான்? முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் கரையிலேயே நின்றுகொள்கிற ஆள். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மூட்டை பிடித்து, ரயிலில் கொச்சிக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு, நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிடுவான். 1931 ஆவணியில் போனவன் வரவில்லை.

துறைமுகத்தில் கப்பலுக்கு ஆள் பிடிக்கிற தரகன் ஒருவன், “வெயிலா இருக்குது, கொஞ்சம் குடியுங்க கவுண்டரே” என்று கள்ளை ஊற்றிவிட்டு, மயங்கிக் கிடந்தவனின் பெருவிரலைப் பிடித்து ஒரு காகிதத்தில் உருட்டிவிட்டான். கண் விழித்தபோது நாலா பக்கமும் தண்ணீர். கப்பலின் அடிவயிற்றில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. “நான் எறங்கிக்கறனுங்க” என்றானாம். “தாராளமா எறங்கிக்கோ” என்றார்களாம்.

இதெல்லாம் அவன் பெண்சாதி தெய்வாத்தாளுக்குப் பின்னால் தெரிந்த சங்கதி. அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம், புருசனைக் காணோம் என்பது ஒன்றுதான்.

மறு வருசம் பவானியில் வெள்ளம் வந்து, மேட்டுப்பாளையத்துக்குக் கீழே ஒரு பிணம் ஒதுங்கியது. முகம் தெரியவில்லை. வெள்ளியங்கிரியின் தம்பி காளிச்சாமி ஓடிப்போய்ப் பார்த்து, “ஐயோ அண்ணா!” என்று மண்ணில் விழுந்து புரண்டான். தெய்வாத்தாள் அழவில்லை. குனிந்து பிணத்தின் இடது கால் விரல்களை எண்ணினாள்.

“கொழுந்தனாரே, உங்க அண்ணனுக்கு எடது கால்ல ஆறு வெரலுங்க. இதுல அஞ்சுதான் இருக்குது.”

“ஆத்துல மீனு தின்னுருக்குமுங் நங்கையா” என்றான் காளிச்சாமி அண்ணியிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மீனுக்கு என்ன கணக்குப் பாருங்கள், சரியாக அந்த ஒரு விரலை மட்டும் தழும்பில்லாமல் தின்றுவிட்டுப் போயிருக்கிறது! ஊர் தலையாட்டியது. கருமாதி நடந்தது. காளிச்சாமி மொட்டையடித்துக்கொண்டான். தாலி வாங்க வந்த பெண்களைத் தெய்வாத்தாள் கிட்டே அண்டவிடவில்லை. “என்ற ஊட்டுக்காரரு உசுரோட இருக்கறாருங்க. வேணும்னா அந்த அஞ்சு வெரல்காரனோட பொண்டாட்டியத் தேடிப் போங்க” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குப் பைத்தியம் என்று பேர். தோட்டம் காளிச்சாமி கைக்குப் போனது. அது வெள்ளியங்கிரிக்கு அவனுடைய தாய்மாமன் தனியாக எழுதிக் கொடுத்த தோட்டம். இரண்டு ஏக்கர், வற்றாத கிணறு. மாட்டுச்சாளையை ஒட்டி ஒரு தாழ்வாரமும் வருசத்துக்கு இரண்டு சீலையும் நங்கையாளுக்கு என்று காளிச்சாமி பெரிய மனசு பண்ணினான்.

1934 கார்த்திகையில் அவள் பேருக்கே ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. அவள் ரேகை வைத்தால்தான் கொடுப்பேன் என்று தபால்காரர் தாழ்வாரத்துக்கே வந்துவிட்டார். உள்ளே கப்பல் ஆபீசின் காகிதம் ஒன்று, தமிழில் எழுதின காகிதம் ஒன்று. பள்ளிக்கூடத்து வாத்தியார் சுப்பையன் படித்துச் சொன்னார். கப்பல் காகிதத்தில், ஐப்பசி மாதம் நெஞ்சுச் சளி முற்றி வெள்ளியங்கிரி இறந்துபோனதாகவும், உடலைக் கடலில் விட்டதாகவும் இருந்தது. தமிழ்க் காகிதம் உயில். கப்பலில் இருந்த நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் எழுதியது.

‘துடியலூர் வெள்ளியங்கிரி, உடம்பு முடியாமலும் புத்தி தெளிவாகவும் எழுதி வைப்பது. என் மாமன் கொடுத்த தோட்டமும் கிணறும் என் பெண்சாதி தெய்வாத்தாளுக்கே சர்வ சுதந்திரமாகச் சேர வேண்டியது. தம்பிக்கு அதில் பாத்தியம் இல்லை. அவள் வெள்ளைச் சீலை கட்ட வேண்டாம். அரக்குச் சீலை கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்கட்டும். நான் இங்கே கறுப்பைத் தவிர ஒரு கலரையும் பார்க்கவில்லை.’

கீழே ஒரு ரேகை. கரி அள்ளி அள்ளித் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மை அப்பினதுபோல ஒரு பொட்டு. அதன் பக்கத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்து.

தெய்வாத்தாள் அன்றும் அழவில்லை. அழுதால் காகிதம் நனைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு நேராகக் கொழுந்தன் வீட்டுக்குப் போனாள்.

“உங்க அண்ணன் போயிட்டாருங்க. கருமாதி பண்ணோணும்.”

காளிச்சாமி காகிதத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “அதெப்படீங் நங்கையா? ஒருத்தனுக்கு எத்தனை தடவை கருமாதி பண்றது? எங்க அண்ணன் செத்து ரெண்டு வருசமாச்சுங்களே. செத்தவன் உயில் எழுதுவானுங்களா?”

சரிதானே? மூன்று வருசமாக ‘உயிரோடு இருக்கிறார்’ என்று சொன்னவள் ‘செத்துவிட்டார்’ என்கிறாள். செத்தவனுக்கு மொட்டையடித்தவனோ மறுபடி சாகவிடமாட்டேன் என்கிறான். வெள்ளியங்கிரி செத்ததில் இரண்டு பேருக்கும் பேதமில்லை. எப்போது என்பதில்தான் தகராறு.

கோயமுத்தூரில் சென்னகேசவ நாயுடு என்று ஒரு வக்கீல். மனுசர் நல்லவர், மூக்குப்பொடியும் கையுமாக இருப்பார். உயிலை இரண்டு தடவை படித்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் கழுத்தில் தாலி, உடம்பில் சாயச் சீலை.

“அம்மணி, இந்தக் கோலத்துல வந்து புருசன் செத்துட்டாருன்னு சொன்னா ஜட்ஜு நம்புவாரா? கோர்ட்டுக்கு வெள்ளைச் சீலையிலதான் வரோணும்.”

“உயில்ல வேண்டாம்னு எழுதியிருக்குதுங்களே.”

“உயில் செல்லும்னு கோர்ட்டு சொன்னாத்தான் அந்த வரி செல்லும். அது வரைக்கும் வெள்ளை.”

தெய்வாத்தாளுக்கு இது புரிய ஒரு ராத்திரி பிடித்தது. வெள்ளைச் சீலை கட்டாதே என்று எழுதின உயிலை நிலைநிறுத்த வெள்ளைச் சீலை கட்ட வேண்டும். மறுநாள் கட்டிக்கொண்டாள். கருமாதி ஆகாததால் தாலியைக் கழற்றவில்லை, சீலைக்குள்ளே மறைத்துக்கொண்டாள். கோர்ட்டுக்கு விதவை, சாமிக்குச் சுமங்கலி. இரண்டு பேரையும் ஏமாற்றுகிறோமே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் கப்பல் சமையல்காரர் செத்துப்போயிருந்தார். உயிலை எழுதின நாகப்பட்டினத்துக்காரர் எந்தக் கப்பலில் இருக்கிறார் என்று தெரியவில்லை. மிச்சம் இருந்தது பொன்னானிக்காரரான மொய்து என்ற சாரங்கு, அதாவது கப்பல் ஆட்களுக்கு மேஸ்திரி, ஒருவர்தான். அவர் கப்பல் கொச்சிக்கு வந்தால் கோர்ட்டுக்கு லீவு. கோர்ட்டு திறந்தால் அவர் ரங்கூனிலோ ஏடனிலோ இருப்பார். வாய்தாவுக்கு மேல் வாய்தா. தெய்வாத்தாள் வெள்ளைச் சீலையைத் துவைத்துத் துவைத்து, அதுவே நைந்துபோய்விட்டது.

ஒருவழியாக 1936 புரட்டாசியில் மொய்து சாரங்கு வந்து கூண்டில் ஏறினார். “ஞான் பொய் பறயில்ல சாமி. மரிக்கும்போ அவன்டெ தலை என் மடியில. இடது காலில் ஆறு விரல் உண்டு” என்றார்.

எதிர்க்கட்சி வக்கீல் சும்மா இருப்பாரா? துடியலூரிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்து வரிசையாக ஏற்றினார். வெள்ளியங்கிரிக்கு ஐந்து விரல்தான் என்று நாலு பேரும் சத்தியம் பண்ணினார்கள். அதில் ஒருத்தன் வெள்ளியங்கிரிக்குச் செருப்புத் தைத்தவன்! வக்கீல் ரேகையைக் காட்டி, “இது ரேகையா, மைக்கூடு சாய்ந்ததா?” என்று கேட்டார். ஜட்ஜுகூடச் சிரித்துவிட்டார். தோட்டம் போனால் போகட்டும் என்று தெய்வாத்தாள் ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அந்த ரேகையைப் பார்த்துச் சிரித்ததை அவளால் தாங்க முடியவில்லை. அந்த விரல் தேய்ந்தது எப்படி என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

சாப்பாட்டு நேரத்தில் நாயுடுவிடம் போனாள். “ஏனுங்க, அடுத்து எங்க கொழுந்தனார விசாரிப்பீங்கல்லங்க? ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஆடி அமாவாசைக்கு அண்ணனுக்கு எள்ளுந்தண்ணியும் உட்டாரான்னு கேளுங்க.”

“அது எதுக்கு அம்மணி? சட்டத்துல அதுக்கு எடமே இல்லையே.”

“கேட்டுப் பாருங்க. கருப்பாத்தா என்றகிட்டச் சொல்லியிருக்கறா.”

கருப்பாத்தாள் என்பது காளிச்சாமியின் பெண்சாதி. வாயைக் கட்டி வைக்கத் தெரியாத நல்ல மனுசி.

காளிச்சாமி நெற்றி நிறையத் திருநீறோடு கூண்டில் ஏறினான். ஆறாவது விரலைப் பற்றி, பிணத்தைப் பற்றி நாயுடு கேட்டதற்கெல்லாம் வழுக்கிக்கொண்டே பதில் சொன்னான். கேள்வி எல்லாம் தீர்ந்துபோய், நாயுடு மூக்குப்பொடியை எடுத்துவிட்டு வேறு வழியில்லாமல் கேட்டார்.

“ஆடி அமாவாசைக்குக் கொடுமுடி போறதுண்டா?”

“வருசம் தவறாமப் போவனுங்க.” காளிச்சாமியின் முதுகு நிமிர்ந்தது. பக்தியில் அவனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

“யார் யாருக்குத் தர்ப்பணம் குடுப்பீங்க?”

“அப்பன், ஆத்தா, தாத்தன், அமிச்சி, வாரிசில்லாத பெரியப்பன். ஒருத்தரையும் உட்டதில்லீங்க.”

“அண்ணனுக்கு?”

காளிச்சாமி நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“செத்து நாலு ஆடி வந்து போச்சு. பெரியப்பன் ஞாபகம் இருக்குது, கூடப் பொறந்த அண்ணன மறந்துட்டீங்களாக்கும்?”

கோர்ட்டில் துடியலூர்க்காரர்கள் பாதிப் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் காளிச்சாமியையே பார்த்தார்கள். பொய்ச் சத்தியம் பண்ணினான் என்று ஊர் சொன்னால் அவன் சிரித்துக்கொண்டே போவான். பித்ரு காரியத்தில் குறை வைத்தான் என்று சொன்னால்? அவனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

“மறப்பனுங்களா? ஏனுங்க, உசுரோட இருக்கறவனுக்குப் பேரு சொல்லி எள்ளுத்தண்ணி உட்டா வம்சம் வெளங்குமுங்களா? நான் புள்ளைகுட்டிக்காரனுங்க!”

ஜட்ஜு கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியானால் மொட்டையடித்தது?”

“அது எவனோ அநாதைப் பொணமுங்க. அநாதைக்குக் கொள்ளி வெச்சாப் புண்ணியந்தானுங்களே.”

“உயிரோடு இருக்கிறார் என்று உமக்கு எப்படித் தெரியும்?”

“கடுதாசி போட்டுருந்தானுங்க. ரெண்டு...” என்றவன், அப்போதுதான் தன் வக்கீலின் மூஞ்சியைப் பார்த்தான். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கடுதாசி. தாழ்வாரத்தில் தெய்வாத்தாள் படுத்துக் கிடந்த அத்தனை நாளும், அந்தக் கடுதாசிகள் பத்தடி தள்ளி ஒரு பெட்டிக்குள் இருந்திருக்கின்றன. பாவி! இவனுக்கு எள்ளுக்குப் பயப்படத் தெரிந்திருக்கிறது, எனக்குப் பயப்படத் தெரியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

உயில் செல்லும் என்று ஐப்பசியில் தீர்ப்பாயிற்று. நாயுடு முத்திரை போட்ட உயில் நகலை அவள் கையில் கொடுத்து, “ஜெயிச்சுட்டே அம்மணி” என்றார். அவள் நகலை வாங்கி, “எல்லா வரியுமுங்களா?” என்று கேட்டாள். “எல்லா வரியும்தான்” என்றார் அவர், யோசிக்காமல்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, காளிச்சாமி தாழ்வாரத்துக்கு முன்னால் வந்து நின்றான். ஆள் பாதியாகிப் போயிருந்தான். “நங்கையா, அண்ணன் செத்து ரெண்டு வருசமா ஒரு காரியமும் இல்லாம அலைஞ்சுட்டு இருக்கறானுங்களே. கண்ண மூடினாக் கனவுல கரியப் பூசிட்டு வாரானுங்க. கொடுமுடி போயிப் பண்ணிப்போடலாமுங்க.”

“ஒருத்தருக்கு எத்தனை தடவைங்க கருமாதி பண்றது?” என்றாள் தெய்வாத்தாள். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அதற்கு மேல் அவளுக்கும் மனசு வரவில்லை. “சரி, போலாமுங்க” என்றாள்.

காவேரிக் கரையில் காளிச்சாமி ஒரே அண்ணனுக்கு இரண்டாவது மொட்டை அடித்துக்கொண்டான். இந்தத் தடவை பேர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டான், நிஜமாகவே அழுதான். தெய்வாத்தாள் ஆற்றில் இறங்கி, கோர்ட்டுக்குக் கட்டின வெள்ளைச் சீலையோடு மூன்று முழுக்குப் போட்டாள். தாலியைத் தானே கழற்றித் தண்ணீரில் விட்டாள். ஐந்து வருசத்து அழுகை அப்போது வந்தது பாருங்கள், பிடித்து நிறுத்தப் போன கருப்பாத்தாளும் சேர்ந்து அழுதாள்.

கரையேறியதும், பிறந்த வீட்டுக் கோடி என்று அவளுடைய அண்ணன் புது வெள்ளைச் சீலையை நீட்டினார். தெய்வாத்தாள் கையை நீட்டவில்லை. மூட்டையைப் பிரித்து அரக்குச் சீலை ஒன்றை எடுத்தாள்.

“ஐயோ ஐயோ, இதென்ன கூத்துங்க!” என்று காளிச்சாமி மொட்டைத் தலையில் அடித்துக்கொண்டான். “ஊரு சிரிக்குமுங் நங்கையா!”

“நானாக் கட்டலீங் கொழுந்தனாரே. கோர்ட்டு ஆர்டருங்க.” மூட்டையிலிருந்து நகலை எடுத்து, படிக்கத் தெரியாத விரலால் சீலை வரியைச் சரியாகத் தொட்டுக் காட்டினாள். “தோட்டத்துக்கு ஒரு வரி, சீலைக்கு ஒரு வரி. முத்திரை ரெண்டுக்கும் சேர்த்துத்தானுங்க.”

காளிச்சாமி முத்திரையைப் பார்த்தான். “சீலைக்கு மட்டும் அப்பீல் உண்டுங்களா?” என்று மெல்லக் கேட்டான். அங்கே பதில் சொல்ல வக்கீல் யாரும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் தெய்வாத்தாள் அரக்குச் சீலையோடு தோட்டத்துக்குப் போனாள். கிணற்றடியில் வேலை கிடந்தது. ஆனால் கொஞ்ச நேரம் அவள் ஒரு வேலையும் செய்யவில்லை. எழுதியிருந்தபடி சும்மா நின்றாள்.