சர்க்கரை தூக்கலாக ஒரு டம்ளர் பால்

1.

இந்தக் கதை என் உள்ளத்தில் ஊற்றெடுக்கவில்லை; போனில் வந்தது. பத்திரிகை ஒன்றில் மனநல விழிப்புணர்வு மலர் போடுகிறார்களாம். மனநோயாளிகளின் பல் ஆரோக்கியம் பற்றி ஒரு கதை வேண்டும், கடைசியில் நோயாளி பல் தெரியச் சிரிக்க வேண்டும். பின்னட்டை விளம்பரம் ஒரு பற்பசைக் கம்பெனியாம். நானும் கூச்சநாச்சம் இல்லாமல் ஒத்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: "கும்மிடிப்பூண்டியின் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன் மெல்ல..." சீ. சூரியனுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: "அந்தோணி மனச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவன்." இது ஆஸ்பத்திரிச் சீட்டு.

மூன்றாவது: "அந்தோணிக்குப் பல் வலித்தது. ஒருவரும் நம்பவில்லை." சரி, இது இருக்கட்டும்.

2.

அந்தோணிக்கு நாற்பது வயது. சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவன். பிறகு காதுக்குள் யார் யாரோ பேச ஆரம்பித்தார்கள்; வேலை போனது, பேசி வைத்த கல்யாணமும் போனது. (இங்கே ஒரு மழைக் காட்சி எழுதி அடித்துவிட்டேன். ஒருவனுக்குப் புத்தி பேதலிக்கும்போது மழை பெய்தே ஆக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?) இப்போது அக்கா சுகிர்தாவோடு இருக்கிறான். அவள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஷிப்ட் வேலை செய்கிறாள். கதையை அவள் பக்கம் நின்றுதான் சொல்லப்போகிறேன். அவன் பக்கம் போக எனக்குப் பயம்.

சுகிர்தாவின் தலைவலி, தம்பியின் மாத்திரை. கையில் கொடுத்தால் துப்பிவிடுவான். அப்படித் துப்பிக்கொண்டே இருந்தவன் ஒருநாள் காணாமல் போய், ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சட்டையில்லாமல் கிடைத்தான். அன்றிலிருந்து மாத்திரையைப் பொடி செய்து பாலில் கலந்துவிடுகிறாள். கசப்பு தெரியாமலிருக்கச் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறாள். குடித்த பிறகு வாய் கொப்புளிக்க எழுந்தால் விடமாட்டாள். வாயில் ஒட்டியிருக்கும் மருந்தெல்லாம் வீணாகிவிடும் என்று அவளுக்குப் பயம். அப்படியே படுக்க வைத்துவிடுவாள். பாலில் மருந்து இருப்பது அந்தோணிக்குத் தெரியாது.

3.

பல் வலிக்கிறது என்று அவன் சொன்னதும், திருவள்ளூரில் அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் அந்தோணியின் வாயைப் பார்க்கவில்லை. மறுபடி ஆரம்பித்துவிட்டாரா என்று சுகிர்தாவிடம் விசாரித்தார், மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

மாத்திரை வாயை வறட்டியது. எச்சில் இல்லாத வாயில் சர்க்கரை தங்கியது. சொத்தை பெருகியது, வலியும் கூடியது. வலி கூடிவிட்டது என்று போய்ச் சொன்னான், மாத்திரையை இன்னும் கூட்டினார்கள். நான் உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு கச்சிதமாக ஒருவனைச் சிக்க வைத்திருக்க மாட்டேன்.

"அந்தோணி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான்" என்று எழு*

* கடித்தால் உயிர் போகும். அடித்துவிட்டேன்.

கன்னம் வீங்கி, இட்லியைக்கூட மெல்ல முடியாமல் போன பிறகுதான், ஷேர் ஆட்டோ பிடித்துப் பல் டாக்டரிடம் கூட்டிவந்தாள்.

4.

பல் டாக்டர் அருணா இளம்பெண். மோசமானவர் இல்லை. என்ன வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். இவருக்கு எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, வாயில் கை விட்டால் கடித்துவிடுவாரா என்று எல்லாவற்றையும் சுகிர்தாவிடமே கேட்டார்.

"என்னக் கேளு டாக்டரு," என்றான் அந்தோணி. "அக்காவுக்குப் பல்லு நல்லாத்தான் கீது."

அருணாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்காலியை முன்னுக்கு இழுத்து, விளக்கைத் திருப்பி, வாயைப் பார்த்தார். கடைவாயில் மூன்று பற்கள் குழியாகிக் கிடந்தன. ஈறில் சீழ். இத்தனை நாள் எப்படித் தாங்கினார் என்று மெதுவாகச் சொன்னவர், படுக்கும் முன் இனிப்பாக ஏதாவது சாப்பிடுவாரா என்று கேட்டார்.

சுகிர்தா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

5.

இங்கேதான் நானும் மாட்டிக்கொண்டேன். அவள் ஒன்றுமில்லை என்று பொய் சொல்லலாம். அப்படியானால் மிச்சப் பற்களும் போகும். உண்மையைச் சொல்லலாம். இனி அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டான். மறுபடியும் ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்ட். அல்லது மலர்க்காரர்களுக்குப் பிடித்த மாதிரி, டாக்டரைத் தனியே கூப்பிட்டுக் காதில் சொல்ல, எல்லாம் சுபமாகி, அந்தோணி பளிச்சென்று...

அவளுக்காக நான் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தபோது, திறந்த வாயோடு அவனே சொன்னான்.

"பாலு டாக்டரு. மாத்திர போட்ட பாலு. சக்கர ஜாஸ்தி."

சுகிர்தா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "உனக்குத் தெரியுமாடா?"

"எப்பவோ தெரியும். நான் குடிச்சாத்தான நீ தூங்குவ. அதான் குடிச்சிக்கினு கீறேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவனுக்குத் தெரியாது என்று இரண்டாம் பகுதியில் அடித்துச் சொன்னேன் அல்லவா? சுகிர்தா சொன்னதை வைத்து எழுதினேன். அவனிடம் நான் கேட்கவே இல்லை. அந்த வரியை அடிக்கப் போவதில்லை. மலரில் அப்படியே வரட்டும்.

6.

வீக்கம் வற்றிய பிறகுதான் பல்லைப் பிடுங்க முடியும், அதுவரை இதைச் சாப்பிட வேண்டும் என்று அருணா ஒரு மாத்திரை அட்டையை எடுத்துவிட்டார். வழக்கமாகக் கூட வந்தவரிடம்தான் கொடுப்பார்.

அந்தோணி கை நீட்டியிருக்கிறான். பழக்கதோஷத்தில் சுகிர்தாவும் நீட்டியிருக்கிறாள். அவன் துப்பிவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். துப்பாமல் இத்தனை காலம் விழுங்கியது அவன்.

சிரிப்பு எங்கே என்று மலர்க்காரர்கள் இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள். கன்னம் வீங்கியவனை எங்கிருந்து சிரிக்க வைப்பது? நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அட்டை இப்போது உங்கள் கையில் இருக்கிறது. யாரிடம் கொடுக்கிறீர்கள்?