சோத்துக்கைப் பக்கம்

அந்தப் படம் அருங்காட்சியகத்தின் இரண்டாவது அறையில், கிழிந்த வலைக்கும் ஓடாத கடிகாரத்துக்கும் நடுவே மாட்டியிருந்தது. படகொன்றின் முன்னால் ஆறு மீனவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் எங்கள் அப்பா. நான் பிறப்பதற்கு முன்பே கடலோடு போனவர். அக்காவுக்கும் முகம் நினைவில்லை. படம் மீனவர் சங்கக் கட்டடத்தில் இருந்த காலத்தில் அம்மா மட்டும் பார்த்திருக்கிறாள். இப்போது அவளும் இல்லை.

"சோத்துக்கைப் பக்கத்துலேர்ந்து மூணாவது ஆள்னு சொல்லுவா," என்றாள் அக்கா.

வலப்பக்கமிருந்து எண்ணினேன். மூன்றாமவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தேன்.

"இவர்தானா? பேரைப் போட்டுடலாம். படத்துக்குக் கீழ வெக்கிற புது அட்டை இன்னைக்கு அச்சுக்குப் போகுது," என்றார் அருங்காட்சியகப் பொறுப்பாளர்.

"இருங்க," என்றாள் அக்கா. "அம்மா இடதுகைக்காரி."

"சாப்பாடு வலது கையாலதானே?" என்றேன்.

"நாலு பேருக்கு முன்னால. அடுப்படியில தனியா உக்காந்தா இடது கைதான். நீ எங்க பாத்த, தட்டைத்தானே பாப்ப."

"இதை எங்க வெச்சுச் சொன்னா?"

"அடுப்படியிலதான்."

இடப்பக்கமிருந்து எண்ணினால் மூன்றாமவர் சிரிக்கிறவருக்குப் பக்கத்து ஆள். கைகட்டி, சிரிக்காமல், எங்கோ பார்க்கிறார். இருவர் தோள்களும் உரசிக்கொண்டிருந்தன.

யோசித்துவிட்டு வரச் சொன்னார் பொறுப்பாளர். வெளியே பூங்காவில், துருப்பிடித்த நங்கூரத்துக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தோம். கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

"சிரிக்கிறவருக்கு உன் காது," என்றாள் அக்கா.

"கைகட்டினவர் நீ நிக்கிற மாதிரியே நிக்கிறார்."

"அப்போ ரெண்டு பேருக்கும் பொறந்தோமா? அம்மா கேட்டிருந்தா துடைப்பக்கட்டை பறந்திருக்கும்."

சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் மறுபடியும் ஒன்றும் புரியவில்லை.

உள்ளே போய், இருவரில் ஒருவர் என்று மட்டும் சொன்னோம். பொறுப்பாளர் பென்சிலால் காதைக் குடைந்தார். "ரெண்டு பேருக்கும் நடுவுல பேரைப் போட்டா?"

"இன்னொருத்தர் பிள்ளைங்க வந்து பாத்தா?" என்றாள் அக்கா.

அவர் யோசித்து, அட்டையில் 'ஆறு மீனவர்கள்' என்றிருந்ததை அப்படியே விட்டார்.

அக்கா வாசலுக்குப் போய்விட்டாள். நான் மட்டும் படத்தருகே திரும்பினேன். ஒருவர் அப்பா, ஒருவர் யாரோ.

"போயிட்டு வர்றேன்பா," என்றேன், எந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல், அவர்களுக்குப் பின்னால் தெரிந்த படகைப் பார்த்து.